வளைவுகள் விதிக்கும் வேகம்

ஹட்டனிலிருந்து நல்லதண்ணிக்கு முப்பது கிலோமீற்றருக்குச் சற்று மேல். பேருந்து இத்தூரத்தைக் கடக்க ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் எடுக்கின்றது. நோர்வூட்டையும் மஸ்கெலியாவையும் தாண்டி, மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின் கரையோடு வளைந்து வளைந்து செல்லும் அப்பாதையில், நேராகக் கிடக்கும் துண்டுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1960களின் இறுதியில் அந்நீர்த்தேக்கம் அமைந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருள் மூழ்கியது. மக்கள் மேட்டு நிலத்துக்குப் பெயர்ந்தனர். பாதை முடியுமிடத்தில் சிவனொளிபாத மலையின் அடிவாரம். அதற்கு மேல், 2243 மீற்றர் உயரத்திலுள்ள சிகரத்துக்கு வாகனம் எதுவும் செல்லாது. செல்வந்தரும் வறியவரும் படிப்படியாகக் கால்நடையாகவே ஏறவேண்டும். வேகம் முடிவடையும் ஊர் என நல்லதண்ணியைக் கூறின் அது மிகையாகாது.

அத்தகைய ஊரிலேதான், உலகின் அதிவேக மோட்டார் வண்டிகளின் வேகங்களையெல்லாம் மனனஞ் செய்து வைத்திருந்த சிறுவன் ஒருவன் வளர்ந்தான். லயத்து அறையின் சுவரில் அவன் தந்தை ஒட்டிய பழைய பத்திரிகைத் தாள்களுக்கிடையே செந்நிறப் பந்தய வண்டி ஒன்றின் படமும் இருந்தது. காற்றுப் புகாதிருக்க ஒட்டப்பட்ட அத்தாள் அவனுக்கோ ஒரு சாளரமாயிற்று. ஒற்றைக்கோட்டு அப்பியாசக் கொப்பி ஒன்றில் அவன் வேகங்களைக் குறித்து வரலானான். 1899இல் பெல்ஜிய நாட்டவரான கமில் ஜெனட்சி மின்கல வண்டியொன்றில் மணிக்கு 105.88 கிலோமீற்றர் வேகத்தை எட்டி, மோட்டார் வண்டியில் நூறைத் தாண்டிய முதல் மனிதரானார். 1961இல் வெளிவந்த ஜாகுவார் ஈ-ரைப், மணிக்கு 150 மைல் செல்லும் என விளம்பரப்படுத்தப்பட்டது. 1987இல் பெராரி எப்40, 324 கிலோமீற்றர்; 1998இல் மக்லாரன் எப்1, 386 கிலோமீற்றர். கடைசிப் பதிவு 2019க்குரியது: மாற்றியமைக்கப்பட்ட புகாட்டி சிரோன் ஒன்று ஜெர்மனியின் சோதனைத் தடத்தில் எட்டிய 490.48 கிலோமீற்றர். அவ்வேகத்தில் நல்லதண்ணியிலிருந்து ஹட்டனுக்கு நான்கு நிமிடங்களில் சென்றுவிடலாம் என்று கணக்கிட்டு அவன் மகிழ்ந்ததுண்டு. காய்ச்சல் கண்ட தங்கையைத் தாய் தோளிற் சுமந்துகொண்டு பஸ்ஸுக்குக் காத்து நின்ற இரவொன்றை அவன் கண்டவன். ஆகவே அக்கணக்கை வெறும் விளையாட்டெனத் தள்ளிவிடுதல் நியாயமன்று. வேகத்தின் மீது வறியவன் கொள்ளும் ஆசைக்கும் செல்வந்தன் கொள்ளும் ஆசைக்கும் ஊற்று ஒன்றாயிருப்பதில்லை.

பன்னிரண்டாம் வயதில் மாமன் அவனை நுவரெலியாவுக்கு அழைத்துச் சென்றார். ஏப்ரல் மாத வசந்த காலத்தில் அங்கு நடைபெறும் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934ஆம் ஆண்டிலே தொடங்கிய மரபினது. தேயிலைத் தோட்டத்தை ஊடறுத்துச் செல்லும் குறுகிய ஏற்றப் பாதையில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தனித்தனியே ஓடும். போட்டி ஏனைய வண்டிகளோடன்று, கடிகாரத்தோடு. படத்திற் கண்டதை நேரிற் கண்ட சிறுவனுக்கு அந்நாள் முழுவதும் காதுகளில் இரைச்சல் நீங்கவில்லை. ஆயினும் இன்னொன்றும் அவன் மனத்திற் பதிந்தது. நேர் பாதையிற் பறந்து வந்த வண்டிகள் ஒவ்வொரு வளைவுக்கு முன்னரும் அடங்கிப் பணிந்தன. பெருவிலை பெற்ற வண்டியும் வளைவிடம் அனுமதி கேட்டே சென்றது. பந்தயம் முடிந்து தடைக் கயிறுகள் அவிழ்க்கப்பட்டதும், அதே பாதையில் தொழிலாளர் சிலர் தமது சுமைகளுடன் நடந்து சென்றனர். பந்தயம் நிகழ்வதற்கு அவர்கள் அங்கில்லாதிருத்தல் அவசியமாயிருந்தது என்பதை அன்று அவன் உணரவில்லை, பின்னரே உணர்ந்தான்.

அடைக்கப்பட்ட தடத்திலும் ஆபத்து அடைபட்டுவிடுவதில்லை. 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை பொக்ஸ்ஹில் பந்தயத்தில் தடத்தை விட்டு விலகிய வண்டியொன்று கூடிநின்றோரிடையே பாய்ந்ததில் 7 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் எட்டு வயதுச் சிறுமியும் ஒருத்தி. அப்போது அவன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் பயிலும் மாணவன். செய்தியை விடுதியின் வாசிப்பறையிற் படித்தவன், அன்றிரவு வளைவுகளைப் பற்றிய கணக்கொன்றைச் செய்து பார்த்தான்.

அக்கணக்கு உயர்தர மாணவரும் அறிந்ததே. சமதளமான வளைவொன்றில் வழுக்காது திரும்பக்கூடிய உச்ச வேகத்தைத் தீர்மானிப்பன இரண்டு: வளைவின் ஆரை, டயருக்கும் பாதைக்கும் இடையிலான உராய்வு. ஆரை 15 மீற்றரான கொண்டையூசி வளைவை எடுத்துக்கொண்டால், காய்ந்த பாதையில் மணிக்கு ஏறக்குறைய 36 கிலோமீற்றர்; மழையில் நனைந்த பாதையில் 28. மிகச் சிறந்த டயர்களைப் பூட்டி உராய்வை ஒன்று எனக் கொண்டாலும் 44ஐத் தாண்ட இயலாது. அச்சமன்பாட்டில் இயந்திரத்தின் வலுவுக்கு இடமில்லை, வண்டியின் நிறைக்கும் இடமில்லை, விலைக்கும் இடமில்லை. 490 கிலோமீற்றர் ஓடிய வண்டியும் நல்லதண்ணிப் பாதையின் வளைவில் 44க்குக் கட்டுப்பட்டதே. முச்சக்கர வண்டியோ வழுக்குவதற்கு முன்னரே கவிழ்ந்துவிடக் கூடும். சிறுவயதுக் கொப்பியின் எண்கள் யாவும் நேர்கோட்டுக்குரியவை என்பதும், தன் ஊரில் நேர்கோடுகள் இல்லை என்பதும் அவனுக்குப் புலனாயின.

வேகத்துக்குச் சட்டம் விதித்த வரலாறும் நோக்கற்பாலது. 1865இல் பிரித்தானியாவிற் பிறந்த சட்டம், தானாக ஓடும் வண்டிகளுக்கு ஊருக்குள் மணிக்கு 2 மைல், வெளியே 4 மைல் என எல்லை வகுத்தது. வண்டிக்கு முன்னே செங்கொடியுடன் ஒருவர் நடக்கவேண்டும் எனவும் பணித்தது. 1896இல் வால்ரர் ஆர்னல்ட் என்பவர் கென்ற் மாவட்டத்தில் மணிக்கு 8 மைல் வேகத்திற் சென்றமைக்காகத் தண்டிக்கப்பட்டார். அவரைத் துரத்திப் பிடித்த பொலிஸ்காரர் சென்றது துவிச்சக்கர வண்டியில். விதிக்கப்பட்ட தண்டம் ஒரு சிலிங்.

இதனினும் சுவையானது 1960களின் கதை. அந்நாட்டின் நெடுஞ்சாலைகளுக்கு அப்பொழுது வேக எல்லை இருக்கவில்லை. 1964 ஜூனில் ஏ.சி. கோப்ரா பந்தய வண்டியொன்று எம்1 நெடுஞ்சாலையில் மணிக்கு 185 மைல் வேகத்தில் ஓட்டிச் சோதிக்கப்பட்டது, அது குற்றமாகவில்லை. அவ்வோட்டமே வேக எல்லைக்குக் காரணமாயிற்று என்று வண்டிப் பிரியர் பலர் இன்றும் கூறுவர். ஆனால் 1965 டிசெம்பரில் 70 மைல் எல்லை நடைமுறைக்கு வந்ததன் முன்னணியில் நின்றவை, அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில் மூடுபனியில் வண்டிகள் ஒன்றன்மேலொன்றாக மோதிய விபத்துக்கள். அவற்றிற் சிக்கியவை பந்தய வண்டிகளல்ல. வேலைக்கும் வீட்டுக்குமாகச் சென்றோரின் சாதாரண வண்டிகள். பனியில் எவ்வளவு தூரம் தெரிகின்றதோ அவ்வளவு தூரத்துக்குள் நிறுத்த இயலாத ஒவ்வொருவரும் அதிவேகத்திற் செல்பவரே. மலையகத்தவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

இலங்கையில் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் அடிப்படையாக நிற்கின்றது. அதன் கீழ் அமைந்த விதிகள் கார்களுக்குக் குடிமனைப் பகுதிகளில் மணிக்கு 50 கிலோமீற்றரும் ஏனைய பாதைகளில் 70உம், முச்சக்கர வண்டிகளுக்கு 40உம் என வகுத்தன. 2011இல் தெற்கு அதிவேகப் பாதை திறக்கப்பட்டபோது 100 கிலோமீற்றர் என்பது முதன்முறையாகச் சட்டபூர்வமாயிற்று. 2018இல் திருத்தப்பட்ட தண்டங்களின்படி, எல்லையை 20 வீதம் வரை மீறுவோர் 3000 ரூபாயும், 50 வீதத்துக்கு மேல் மீறுவோர் 15000 ரூபாயும் செலுத்த வேண்டும். சாரதி அனுமதிப் பத்திரத்தைப் பொலிசார் பெற்றுக்கொண்டு தண்டச் சீட்டை வழங்குவர். பதினான்கு நாட்களுக்குள் தபாலகத்திற் பணத்தைச் செலுத்திப் பற்றுச்சீட்டைக் காட்டின் பத்திரம் மீளும். தவறின் தொகை இரட்டிக்கும். அதனையும் தவறின் வழக்கு மன்றம்.

அச்சீட்டு ஒன்று அவன் கைக்கும் வந்தது.

மலைக்குச் செல்லும் பருவம் டிசெம்பர்ப் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமியுடன் முடியும். 'சீசன்' என்பதே ஊர் வழக்கு. அந்த ஐந்தாறு மாதங்களிலேதான் நல்லதண்ணியின் கடைகளுக்கும் வண்டிகளுக்கும் ஆண்டு முழுவதற்குமான வருவாய் கிடைக்கின்றது. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் விடுமுறைக்கு வந்த அவன், தவணைக் கடனில் வாங்கப்பட்ட அண்ணனின் முச்சக்கர வண்டியைப் பகற்பொழுதுகளில் ஓட்டினான். இரவு முழுவதும் ஓட்டிய அண்ணன் பகலில் உறங்கினான். ஒரு நாளைக்கு ஓர் ஓட்டம் கூடுதலாகக் கிடைத்தால் மாதக் கடனுக்கு அஞ்சவேண்டியதில்லை. அந்த ஓர் ஓட்டத்தின் பெயர்தான் வேகம்.

ஒரு மாலை மஸ்கெலியாவில் பயணிகளை இறக்கிவிட்டு வெறும் வண்டியுடன் திரும்பிக்கொண்டிருந்தான். நீர்த்தேக்கத்திலிருந்து எழுந்த பனி பாதையை மூடியிருந்தது. எதிரே இருபது மீற்றருக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. வேகமானியின் முள் 40ஐத் தொட்டுக்கொண்டிருந்தது. சட்டத்தின்படி குற்றமேதும் இல்லை. வளைவில் திரும்பியதும் விறகுச் சுமையுடன் ஒரு பெண் பாதையோரத்தில் நடந்து வந்தார். அப்பாதைக்கு நடைபாதை கிடையாது. ஒருபுறம் மண்மேடு, மறுபுறம் சரிவு. அவன் தடையை மிதித்தான். ஈரத்தில் வண்டி வழுக்கிச் சென்று மண்மேட்டில் உரசி நின்றது. அவர் பின்வாங்கிய வேகத்தில் விறகுக் கட்டு தலையிலிருந்து விழுந்து சிதறியது. வேறொன்றும் நிகழவில்லை.

அவன் இறங்கி விறகைப் பொறுக்கிக் கட்டிக் கொடுத்தான். கைகள் நடுங்கின. முகத்தை உற்றுப் பார்த்தபோது, தன் தாயுடன் ஒரே மலையில் கொழுந்து பறிப்பவர் அவர் எனத் தெரிந்தது. அவர் ஏசவில்லை. சுமையை மீண்டும் தலையில் ஏற்றிக்கொண்டு, "மெல்லப் போ தம்பி. இந்த ரோட்டுல நாங்களும் நடக்கணும்ல" என்று மட்டும் கூறிவிட்டுப் பனியில் மறைந்தார்.

அவ்விரவு அவன் செய்த கணக்கு முந்தியதினும் எளியது. 40 கிலோமீற்றர் வேகத்திற் செல்பவன் ஆபத்தைக் கண்டு தடையை மிதிக்க ஒரு விநாடி எடுத்தால் அதற்குள் வண்டி 11 மீற்றர் சென்றுவிடும். நனைந்த பாதையில் அது நிற்பதற்கு மேலும் 16 மீற்றர் வேண்டும். ஆக 27 மீற்றர்; கண்ணுக்குத் தெரிந்ததோ 20. அன்று அப்பெண் உயிர் தப்பியது அவனது திறமையினாலன்று, அவர் பின்வாங்கியதனாலேயே. 30 கிலோமீற்றரிற் சென்றிருப்பின் 17 மீற்றரில் வண்டி நின்றிருக்கும். சட்டம் அனுமதித்த வேகம் அன்று பத்துக் கிலோமீற்றர் மிகுதியாயிருந்தது.

தண்டச் சீட்டு வந்தது அதற்கு இரண்டு நாட்களின் பின். வெயில் தெளிந்த காலைப்பொழுது. ஆளரவமற்ற நேர்ப் பாதைத் துண்டு ஒன்றில் வண்டி 47 கிலோமீற்றர் வேகத்தில் சென்றது. மரநிழலில் கருவியுடன் நின்ற பொலிஸ்காரர் கையை நீட்டினார். குற்றத்தில் ஐயமில்லை, 40க்கு 47. எழுதப்பட்ட தொகை 3000 ரூபாய். அதே இடத்தில் அவனுக்கு முன்னரே நிறுத்தப்பட்டிருந்த, தாழ்ந்து நீண்ட விலையுயர்ந்த கார் ஒன்றின் சொந்தக்காரர் தமது சீட்டைப் பெற்று மடித்துச் சட்டைப்பையிலிட்டு, உடன் வந்தவரிடம் நகைச்சுவையாக ஏதோ கூறிச் சிரித்தார். அடுத்த திருப்பத்தில் அவரது வண்டியின் உறுமல் மீண்டும் உயர்ந்தது கேட்டது.

தபாலகத்துக்குச் செல்லும்போது பணத்தை எடுத்துக் கொடுத்தவர் தாய். தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாயாகவும் 2024இல் 1350 ரூபாயாகவும் நிர்ணயிக்கப்பட்டிருந்தது. நிறை குறையாமற் பறித்தாலும் அத்தண்டம் அவருக்கு இரண்டு நாட்களுக்கு மேற்பட்ட உழைப்பு. எதற்காக என்று அவர் கேட்டார். வேகமாகச் சென்றதற்காக என்றான். "யாராச்சும் அடிபட்டாங்களா?" என்பதே அவரது அடுத்த கேள்வி. இல்லை என்றதும் நிம்மதியடைந்து, மறுபேச்சின்றி நோட்டுக்களை எண்ணிக் கொடுத்தார். பனி மூடிய வளைவைப் பற்றி அவன் அவரிடம் கூறவில்லை. ஆயினும் அப்பெண் கூறியிருந்தார் என்பது பின்னர் தெரிய வந்தது.

தவறு நிகழ்ந்த இடம் வேறு, தண்டம் விதிக்கப்பட்ட இடம் வேறு என்ற உண்மை அவனை நெடுநாள் வருத்திற்று. இதனைக் கொண்டு தண்டம் பயனற்றது என முடிவு கட்டுதல் தவறு. நடந்து செல்பவரை மோதும் கார் மணிக்கு 50 கிலோமீற்றரிலிருந்து 65க்கு உயர்ந்தால் அவர் இறக்கும் வாய்ப்பு நாலரை மடங்காகின்றது என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. நேர்ப் பாதையின் 47உம் நாளை அங்கு ஒரு பிள்ளை குறுக்கே ஓடினால் கொலைக் கருவியே. ஆனால் தண்டம் எல்லோரையும் ஒரேயளவு தொடுவதில்லை. ஒருவரது வீட்டில் அது இரண்டு நாள் உணவு. இன்னொருவருக்குச் சிரிப்புக்குரிய கட்டணம். செலுத்தக்கூடியவனுக்குத் தண்டம் என்பது வேகத்தின் விலையாகிவிடுகின்றது.

பின்லாந்து நாட்டில் இதற்கு ஒரு மாற்று உண்டு. அங்கு கடுமையான வேகக் குற்றங்களுக்கான தண்டம் குற்றவாளியின் நாள் வருமானத்தை அளவாகக் கொண்டு விதிக்கப்படுகின்றது. 50 கிலோமீற்றர் எல்லையில் 75இல் மோட்டார்ச் சைக்கிள் ஓட்டிய நோக்கியா நிறுவன உயரதிகாரி ஒருவருக்கு 2002இல் 116,000 யூரோ தண்டம் விதிக்கப்பட்டது. அவரது வருமானம் குறைந்திருந்தமை காட்டப்பட்டு அத்தொகை பின்னர் பெரிதும் குறைக்கப்பட்டதாயினும் கொள்கை நிலைத்தது: வலி ஒன்றாயிருக்கவேண்டும், தொகையன்று. இயந்திரத்தையே அடக்க முயன்றோரும் உளர். வொல்வோ நிறுவனம் 2020 முதல் தன் வண்டிகளின் உச்ச வேகத்தை 180 கிலோமீற்றராகக் கட்டுப்படுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஜூலை முதல் புதிய கார்கள் அனைத்திலும் வேக எல்லையைச் சாரதிக்கு உணர்த்தும் கருவியைக் கட்டாயமாக்கியது. இவை நன்றே. எனினும் வீதியோரப் பலகையின் எண்ணை வாசிக்கும் கருவி, பனிக்குள் விறகு சுமந்து வருபவரின் உரிமையை வாசித்துவிடுமா என்பது வினாவாகவே எஞ்சுகின்றது.

மலைப்பாதை பிழையை மன்னிப்பதில்லை. 2023 ஜனவரியில் நானுஓயா ரதல்லைப் பாதையில் பாடசாலை மாணவர் பயணஞ் செய்த பேருந்து வேறு வண்டிகளுடன் மோதியதில் 7 பேர் மாண்டனர். 2025 மே 11ஆம் திகதி கெரண்டி எல்லையில் பேருந்தொன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இவற்றுக்கெல்லாம் வேகம் ஒன்றே காரணம் எனல் பொருந்தாது. வண்டியின் நிலை, பாதையின் நிலை, சாரதியின் களைப்பு எனப் பலவும் கூடி நிற்கும். ஆனால் சமவெளியில் ஒரு சில்லு பழுதடைந்தால் வண்டி வயலில் இறங்கி நிற்கலாம். இங்கு இறங்குவதற்கு வயல் இல்லை. களைப்பும் பழுதும் தவிர்க்க இயலாதவிடத்து அவற்றுக்கு இடம் விட்டுவைப்பது மெதுவான வேகம் ஒன்றே.

பருவம் முடியுமட்டும் அவன் அண்ணனின் வண்டியை ஓட்டினான். ஓட்டம் ஒன்று குறைந்தது, அண்ணன் முணுமுணுத்தான், ஒரு மாதத் தவணை சில நாட்கள் பிந்திச் செலுத்தப்பட்டது. மெதுவாகச் செல்வதற்கும் ஒரு விலை உண்டு என்பதையும், அதனையும் வறியவன் வீடே செலுத்துகின்றது என்பதையும் அவன் மறைக்க விரும்பவில்லை. ஆயினும் அவ்விலைக்குக் கணக்குண்டு, செலுத்தித் தீர்க்கலாம். விறகுக் கட்டு விழுந்த இடத்தில் அன்று வேறொன்று விழுந்திருப்பின் அதனை எந்தத் தபாலகத்திலும் செலுத்தித் தீர்த்திருக்க இயலாது.

விடுமுறை முடிந்து பேராதனைக்குப் புறப்படுமுன் பழைய அப்பியாசக் கொப்பியைத் தேடி எடுத்தான். 490.48 என்ற எண்ணுக்குக் கீழே இன்னும் இடமிருந்தது. வீட்டிலிருந்து மஸ்கெலியா வரையிலான வளைவுகளை மனத்தில் ஒவ்வொன்றாகக் கடந்து, காய்ந்த நாள், மழை நாள், பனி நாள் என மூன்று நிரல்களில் வேகங்களை எழுதி அண்ணனிடம் கொடுத்தான். அவற்றுள் எதுவும் 35ஐத் தாண்டவில்லை. அண்ணன் அதனைப் படித்துவிட்டுச் சிரித்தான். பின்னர் தாளைக் கிழித்து மடித்து, வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே, பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் செருகி வைத்தான்.